நெட்டையன் ஏமாறக் கற்ற கதை

வாயைப் பிளந்து நிற்கும் எதிராளியின் முகத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். எங்கள் கடையில் விலை இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு முப்பது ரூபாய், கட்ட வேண்டியவன் தோற்றவன்.

கண்டி கொழும்பு வீதியில் எங்களுக்குப் புடவைக்கடை. முன்பக்கம் என் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, றம்லத்தின் ராச்சியம்: சேலை, சாரம், சட்டைத் துணி. பின்பக்கம், முன்பு துணி மூட்டை அடுக்கிய இடத்தில், நான்கு கணினிகளை வைத்து நான் விளையாட்டுக்கடை நடத்தினேன். தொடக்கத்தில் சுடுகிற விளையாட்டுகளும் வைத்திருந்தேன். ஒருநாள் எவனோ ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிவிட்டான். 2008ஆம் ஆண்டில் கண்டித் தெருவில் வெடிச்சத்தம் கேட்டால் என்ன நடக்கும்? சந்தியில் காவல் நின்ற இரண்டு சிப்பாய்கள் துவக்கை நீட்டிக்கொண்டு சேலைகளுக்கு நடுவே பாய்ந்து வந்தார்கள். ராத்தா துணிக்கட்டுக்குப் பின்னால். வாடிக்கைக்காரி மேசைக்குக் கீழே. நான் இரண்டு கையையும் தூக்கியபடி. திரையில் மட்டும் சண்டை நிற்கவில்லை. விஷயம் விளங்கியதும் ஒருவன் ஏசினான். மற்றவன் எத்தனையாவது கட்டம் வரைக்கும் போகலாம் என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்றோடு அந்த டிஸ்க்குகளைத் தூக்கி எறிந்தேன். மிஞ்சியது கூடைப்பந்து. அந்த நேரத்தில்தான் யோகேந்திரன் வந்தான்.

யாழ்ப்பாணத்துப் பொடியன்; எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை 'நானா' என்றே கூப்பிடுவான். பேராதனையில் கணினிப் படிப்பின் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்திருந்தான். படிக்கும்போதே தன் கையால் ஒரு கூடைப்பந்து விளையாட்டு எழுதி வைத்திருந்தான். அரை மைதானம், ஒரு வளையம், இரண்டே ஆட்கள். ஒருவனை நாம் ஆட்டுவோம், மற்றவனைக் கணினி ஆட்டும். மாறி மாறி ஒருவர் எறிய மற்றவர் தடுப்பார்; முதலில் பதினொரு புள்ளி எடுப்பவர் வென்றவர்.

"நானா, எனக்கு ஒரு மெசின் வேணும். கம்பஸில லாப் பூட்டியாச்சு. ரெண்டு கிழமை தந்தாக் காணும். எவ்வளவு?"

நான் ஒரு விலை சொன்னேன். பாதியாகக் குறைப்பான் என்று கூட்டித்தான் சொன்னேன்.

"ஓம்," என்றான்.

முதல் விலைக்குத் தலையாட்டுகிறவனிடம் காசு வாங்குவது, நித்திரை கொள்ளுகிறவனின் சட்டைப்பையில் கைவிடுவது போல. நானே மறுத்துப் பேசினேன், நானே குறைத்தேன், கடைசியில் சும்மா கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை: அவன் எழுதிய விளையாட்டு என் கடையிலும் ஓட வேண்டும். அதற்கும் "ஓம்" என்றான். இவனை வைத்து என்ன வியாபாரம் செய்வது?

அவனுடைய அவசரம் பிறகுதான் தெரிந்தது. கண்டியில் அறை எடுத்திருக்கும் வடக்குப் பொடியன்களிடம் பொலிசில் பதிந்த தாள் ஒன்று இருக்கும். அதில் "ஏன் இங்கே இருக்கிறீர்" என்று ஒரு கட்டம். யோகேந்திரனின் கட்டத்தில் "மாணவர்" என்று எழுதியிருந்தது, ஒக்டோபர் முப்பத்தொன்று வரைக்கும். அதற்குப் பிறகு கட்டம் வெறுமை. வெறுமையான கட்டத்தோடு சோதனைச் சாவடியில் பிடிபட்டு உள்ளே போனவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போகலாமென்றால் யாழ்ப்பாணப் பாதை யுத்தத்தால் பூட்டி இரண்டு வருடம். இங்கேயும் இருக்க ஏலாது, அங்கேயும் போக ஏலாது. வேலைக் கடிதம் ஒன்று கிடைத்தால் கட்டம் நிரம்பும்.

வேலை கொடுக்கக்கூடிய ஆள் ஒருவரும் இருந்தார். கொழும்பில் வெளிநாட்டுக்காரருக்கு விளையாட்டு எழுதிக்கொடுக்கும் கம்பனி ஒன்றின் செசிலியா மிஸ். அவர் யோகேந்திரனின் விளையாட்டைப் பார்த்துவிட்டு மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பியிருந்தார்: "தடுக்கிறவன் மடையன். திருத்தி வையும். இருபத்தைந்தாம் திகதி கெலிஓயாவில் கலியாணம், வரும் வழியில் பார்க்கிறேன்."

மிஸ் சொன்னது சரி. தடுக்கிறவனுக்கு எங்கள் கடையில் நெட்டையன் என்று பெயர். ஆளுயரம், புத்தி கொஞ்சம் குள்ளம். பந்தை எறிவதுபோல் கையைத் தூக்கிக் காட்டினால் போதும், நெட்டையன் வானத்துக்குப் பாய்வான். அவன் மேலே நிற்கும்போது நீங்கள் கீழால் நடந்துபோய் ஆறுதலாகப் பந்தைப் போடலாம். இதில் கைதேர்ந்தவன் த்ரீவீலர் ஓட்டும் றிஸ்வி. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு வாடகை ஹயருக்கும் அடுத்த ஹயருக்கும் இடையில் வந்து பதினொன்றுக்குப் பூச்சியம் என்று அடித்துவிட்டுப் போவான்.

"பாரு நானா, கையத் தூக்குறன்... பாஞ்சான்! திரும்பவும் தூக்குறன்... திரும்பவும் பாஞ்சான்! இவன் எலக்சன்ல வோட்டுப் போடுற ஆளோ?"

யோகேந்திரன் சிரிக்கவில்லை. முதலில் நெட்டையனைப் பாதித் தடவை மட்டும் பாயச் செய்தான். பூவா தலையா போடுவது போல. அது இன்னும் மோசம். ஏமாற்றும்போது பாய்ந்தான், மெய்யாக எறியும்போது பஸ்ஸுக்கு நிற்பவன் போல் நின்றான். நாள்கள் போயின. யோகேந்திரன் பின்பக்கத்திலிருந்து எழுந்துவந்து, புடவைக்கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, தாடையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அப்படி உட்கார்ந்த இரண்டாம் நாள் ராத்தா என்னைக் கூப்பிட்டாள்.

"டேய் ஹுஸைன், ஒன்ட கூட்டாளிக்கு என்னவாம்? காலையிலேர்ந்து வாற பொம்புளைகள்ட காலையே பாத்துக்கிட்டு ஈக்கிறான். செருப்புக் கள்ளன் எண்டு ஆக்கள் நெனைக்கப் போறாங்க."

தீபாவளி வியாபாரம் உச்சத்தில் நின்ற கிழமை அது. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த வடிவம்மா என்ற அம்மாள் ஒருத்தி மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்தா விலையைச் சொன்னாள்.

"என்னாங்க இது? இந்த வெலைக்கு நான் தோட்டத்தையே வாங்கிருவேன்."

"அப்ப தோட்டத்த வாங்கிட்டு வாங்க, சேலைய சும்மா தாறேன்."

"வேணாங்க, நான் போறேன்." வடிவம்மா சேலையைப் போட்டாள், தோளைத் திருப்பினாள், முகத்தையும் திருப்பினாள். ராத்தா துணி மடித்துக்கொண்டே இருந்தாள். வடிவம்மா போகவும் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் பேச்சு. மறுபடியும் "போறேங்க" என்றாள். இந்த முறை அந்த அம்மாள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஆனால் ராத்தா மடிப்பதை விட்டுவிட்டுப் பாய்ந்தாள்: "இந்தாங்க, வாங்க, கடைசி வெல சொல்றேன்!"

யோகேந்திரன் கதிரை விழ எழுந்தான்.

"நானா! கண்டனீங்களே? முதல் தரம் தோள் திரும்பினது, ஆனாப் பாதம் சேலைப் பக்கம். ரெண்டாந்தரம் முகம் இங்க, ஆனாப் பெருவிரல் ரோட்டுப் பக்கம்! அக்கா முகத்தைப் பாக்கிறதே இல்லை. தோள் பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும். பாதம் சொல்லாது!"

"இதக் கண்டுபிடிக்க கம்பஸுக்குப் போகணுமா?" என்றாள் ராத்தா.

அவன் கேட்கும் நிலையில் இல்லை. பின்பக்கம் ஓடினான். திரையில் ஆளைத் துள்ளவிட்டுத் துள்ளவிட்டுக் காட்டினான். மெய்யாகவே எறிய எழும்பும்போது குதிகால் முதலில் தூக்கும். ஏமாற்றும்போது கை மட்டும் போகும், குதிகால் தரையில் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் ஓடப்போகிறவனின் பெருவிரல் ஓடுவதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பும். இதையெல்லாம் அவனே முன்பு பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தான். நெட்டையனுக்குத்தான் கையை மட்டும் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தான்.

புதன்கிழமை றிஸ்வி வந்தான். கையைத் தூக்கினான். நெட்டையன் அசையவில்லை. இன்னும் உயர்த்தினான். அசையவில்லை. றிஸ்வி திரையைத் தட்டிப் பார்த்தான்.

"நானா, ஒங்கட மெசின் ஹேங் ஆகிட்டுது."

"எறிஞ்சு பார் மச்சான்."

எறிந்தான். நெட்டையன் ஒரே பாய்ச்சல். பந்து மைதானத்துக்கு வெளியே பறந்தது. கடை முழுக்க ஒரே கூச்சல்! அடுத்த மூன்று மேசைக்காரரும் தங்கள் ஆட்டத்தை விட்டு எழுந்துவந்து றிஸ்வியின் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். இடப்பக்கம் போனான், அங்கே நெட்டையன். வலப்பக்கம் போனான், அங்கேயும். வாசலில் ஹயருக்கு வந்தவர் ஹோர்னை அழுத்தினார். "ஈரிங்க சார், மானம் போகுது!" என்று உள்ளேயிருந்து கத்தினான் றிஸ்வி. பதினொன்றுக்குப் பூச்சியம். இந்த முறை பூச்சியம் றிஸ்விக்கு.

நான் யோகேந்திரனைத் தூக்கிச் சுற்றினேன். அன்று மாலை வரைக்கும் வரிசை. வந்தவன் எல்லாம் பூச்சியம்.

வியாழக்கிழமையும் பூச்சியம். பின்னேரம் பார்த்தால் கதிரைகள் காலி. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு காக்கை கிடையாது. நான் வெளியே போய் றிஸ்வியின் வண்டிக்குள் தலையை விட்டேன்.

"வா மச்சான், ஒரு ஆட்டம். சும்மா தாறன்."

"வேணாம் நானா."

"சும்மா எண்டு சொல்றேன்டா!"

"சும்மா தந்தாலும் வேணாம். சொவத்தோட தலைய முட்டிக்க எனக்கு வூட்டுலயே சொவர் ஈக்குது."

நான் உள்ளே போய் யோகேந்திரனிடம் சொன்னேன்: "தம்பி, கண்டியில ஒரு த்ரீவீல்காரன் சும்மா கிடைக்கிற ஒண்ட வேணாம் எண்டு சொல்லிட்டான். ஒன்ட விளையாட்டு செத்துப்போச்சு."

"நானா, இப்ப அதில ஒரு பிழையும் இல்லை."

"அதுதான் பிழை. நீ நிரந்தர விலைக் கடை தொறந்து வெச்சீக்கிறாய். குறைக்கவே மாட்டன் எண்டு போர்ட் தொங்குது. ஒருத்தன் ஒருக்காவாவது எங்கள ஏமாத்திட்டேன் எண்டு நெனைச்சுக்கிட்டுப் போகணும். அப்பதான் நாளைக்கும் வருவான்."

"பிழை விடுற மாதிரி எழுதச் சொல்லுறியளோ?" அவன் முகம் சிவந்தது. சின்ன வயதிலிருந்து நூற்றுக்கு நூறு எடுக்கவே வளர்க்கப்பட்ட பிள்ளை. தொண்ணூற்றெட்டு எடுத்தால் மீதி இரண்டு எங்கே என்று கேட்கும் வீடு. "நாளைக்கு மிஸ் வாறா. மடையன் எண்டு சொன்னவ. திரும்பவும் மடையனாக்கிக் காட்டவோ? எல்லாத்தையும் பூவா தலையாவுக்கு விடவோ?"

அவன் எழுந்து நேரே ராத்தாவிடம் போனான்.

"அக்கா, உங்களை ஆரும் ஏமாத்தினவையோ?"

"என்னையா? இந்தக் கடையில நின்டு இருபத்திரெண்டு வருசம்!"

வேலைக்கு நின்ற றமீஸா வாயைப் பொத்திக்கொண்டாள். ராத்தா அவளை முறைத்தாள். பிறகு, அளவுகோலால் முதுகைச் சொறிந்துகொண்டே இறங்கி வந்தாள்.

"சரி, ஏமாத்தினாங்கதான். மூணு பேர அடுத்தடுத்து வெண்டிட்டேன் எண்டால் நாலாவது ஆள்ட கால நான் பாக்கிறதே இல்ல. எனக்குத் தெரியாததா எண்டு ஒரு திமிர் வரும் பாருங்க, அப்பதான் மாட்டுவேன். அதோட பின்னேரம் அசர் பாங்கு சொல்லுற நேரத்துக்கு முழங்கால் வலிக்கும். அந்த நேரம் வந்து கேட்டா குடுத்துத் தொலைச்சிடுவேன். ஆனா ஒண்டு, ஏமாத்தினவள்ட மொகம் எனக்கு மறக்காது."

யோகேந்திரன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். "அப்ப பிழைக்கு ஒரு காரணம் இருக்கு," என்றான் மெதுவாக. பிறகு உரக்க, "காரணம் இருக்கு நானா!"

நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவன் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவும் இல்லை. மாலை வரைக்கும் தட்டினான். நெட்டையன் மூன்று தடவை தொடர்ந்து தடுத்தால் நாலாவது தடவை திமிர் ஏறி, பாதத்தைப் பார்க்காமல் பந்தைப் பறிக்கப் பாய்வான். ஆட்டம் நீள நீளக் களைத்து அரை அடி பிந்துவான். ஒரு தந்திரத்துக்கு மாட்டினால், எதிரே அதே ஆள் இருக்கும் வரை அதே தந்திரத்துக்கு மறுபடி மாட்டமாட்டான். விளையாடிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. றிஸ்வி பேராதனைப் பக்கம் ஹயர் போயிருந்தான்.

சனிக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள். கடைக்குள் நிற்க இடமில்லை. சேலைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தங்கச்சரிகைப் பட்டும் கொண்டையுமாக செசிலியா மிஸ் வந்தார். வான் தெருவில் நின்றது. பொலிஸ்காரன் அதை எடுக்கச்சொல்லி விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க தம்பி உம்மட மடையன்? எனக்குப் பத்து நிமிசம்தான் இருக்கு."

உட்கார்ந்தார். குதியுயர்ந்த செருப்பைக் கழற்றினார். பள்ளிக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கூடைப்பந்து ஆடியவராம். விரல்கள் அதைச் சொல்லின. கையைத் தூக்கிக் காட்டினார். நெட்டையன் அசையவில்லை.

"ஓகோ," என்றார்.

எறிந்தார், தடுத்தான். ஓடினார், தடுத்தான். மறுபடி எறிந்தார், தடுத்தான். யோகேந்திரன் என் கையை நசுக்கினான். நாலாவது தடவை மிஸ் சும்மா பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார். நெட்டையன் திமிரோடு பறிக்கப் பாய்ந்தான். மிஸ் பக்கவாட்டில் ஒரே வெட்டு, வளையத்தில் பந்து!

"அட நாயே!" என்று கத்தினார் மிஸ். பட்டுச்சேலை உடுத்தவர் கத்தியதில் சேலை வாங்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "அவசரப்பட்டிட்டான், பாத்தீரே? அவசரப்பட்டிட்டான்!"

அந்த ஆட்டத்தில் பதினொன்றுக்கு நாலு என்று தோற்றார். ஆனால் முகம் தோற்றவர் முகம் இல்லை.

"நல்லாச் செய்திருக்கிறீர். ஜனவரியில எடுக்கிறம். டைரக்டர் கையெழுத்து வைக்க வேணும், கடிதம் தபாலில வரும்."

"மிஸ், முப்பத்தொண்டுக்கு முந்தி..."

மிஸ்ஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகம் மாறியது. "என்னால தனியக் கையெழுத்து வைக்கலாம், ஒரு மாதத்துக்கு, சோதனை வேலைக்கு. ஆனா அதுக்கு நான் ஒஃபீசில ஒரு நியாயம் சொல்ல வேணும் தம்பி."

அப்போதுதான் யோகேந்திரன் அந்த மடத்தனத்தைச் செய்தான். "இன்னொரு ஆட்டம் மிஸ்," என்றான். "நெட்டையன் வெண்டா அதுதான் நியாயம், இண்டைக்கே கடிதம். நீங்கள் வெண்டா ஜனவரி." முந்திய நாள்தான் நெட்டையனுக்குத் திமிரையும் களைப்பையும் தன் கையாலேயே ஊட்டினான். பந்தயத்தில் வைக்கும்போது அது நினைவில்லை.

மிஸ் முந்தானையை இடுப்பில் செருகினார். "சரி."

வானின் ஹோர்ன். யாரும் அசையவில்லை. றிஸ்வி எங்கிருந்தோ வந்து, கதிரைமேல் ஏறி நின்றுகொண்டான். நெட்டையன் ஏழுக்குப் போனான், மிஸ் நாலு. நெட்டையன் பத்து, மிஸ் ஏழு. இன்னும் ஒரு புள்ளி! நெட்டையன் மூன்று தடவை தொடர்ந்து தடுத்தான், தன் எறிகளை மட்டும் தவறவிட்டான். "அல்லாஹ்வே, வேணாம், தடுக்காத!" என்று நான் கத்தினேன். வந்தது திமிர். மிஸ் எட்டு. களைப்பும் வந்தது. அரை அடி பிந்தினான். ஒன்பது. மறுபடி பிந்தினான். பத்துக்குப் பத்து.

"குதிகால், குதிகால்!" என்று அலறினான் றிஸ்வி, யார் பக்கம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மிஸ் முதலாட்டத்தில் செய்த அதே வெட்டைக் காட்டினார். நெட்டையன் மறக்கவில்லை, குறுக்கே வந்தான். அதைத்தான் மிஸ் எதிர்பார்த்திருந்தார். காலைப் பின்னால் இழுத்து அங்கேயே நின்று எறிந்தார். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. விழுந்தது உள்ளே.

பதினொன்று, பத்து. மிஸ் கதிரையிலிருந்து வெறுங்காலோடு துள்ளினார். றிஸ்வியும் துள்ளினான். நான் யோகேந்திரனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமில்லை.

"ஒண்டுக்கு ஒண்டு!" என்றார் மிஸ் மூச்சு வாங்க. "கடைசி ஆட்டம், வாரும், கெதியாப் போடும்!"

அந்த நேரம்தான் அது நடந்தது. சொன்ன விலைக்கெல்லாம் "ஓம்" என்றவன், கையை நீட்டி, விசைப்பலகையின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

"ஏலாது மிஸ்."

"என்ன ஏலாது?"

"ரெண்டாம் ஆட்டத்தின்ர விலை ஜனவரி. அது முடிஞ்சுது. மூண்டாம் ஆட்டத்துக்கு விலை கூட." அவன் கையை எடுக்கவில்லை. "கடிதம் முதல்."

முன்பக்கத்தில் ராத்தாவின் கத்தரிக்கோல் நின்றது. மிஸ் திரையைப் பார்த்தார். யோகேந்திரனின் கையைப் பார்த்தார். வாசலில் அவருடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கோட்டும் டையுமாக வந்து நின்று, "செசி, அங்க கேக் வெட்டப் போகினமாம்!" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் மிஸ். பிறகு யோகேந்திரனிடம், "ஒஃபீசில சொல்ல எனக்கு நியாயம் கிடைச்சிட்டுது. கலியாணத்தை விட்டிட்டு நான் இங்க குந்தியிருக்கிறன், அதுதான் நியாயம்."

பையிலிருந்து கம்பனித் தாள் ஒன்றை எடுத்து, ராத்தாவின் துணி அளக்கும் மேசையில் வைத்து எழுதினார். சோதனை வேலை, இன்றிலிருந்து ஒரு மாதம், பிறகு நிரந்தரம் பரிசீலிக்கப்படும். கையொப்பம், திகதி, தொலைபேசி இலக்கம். யோகேந்திரன் அதை இரண்டு முறை வாசித்தான். அதன் பிறகுதான் கையை எடுத்தான்.

மூன்றாம் ஆட்டத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவும் கதிரை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இடப்பக்கம் செசி, இடப்பக்கம்!" என்று டையைத் தளர்த்தினார். அது முடியவில்லை. பொலிஸ்காரன் உள்ளே வந்து, வானை இழுத்துக்கொண்டு போகப் போவதாகச் சொன்னான். மிஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அன்றைய கணக்கைத் துணிப் பெட்டி மூடியில் நான்தான் எழுதினேன். முதல் ஆட்டம்: நெட்டையன் பதினொன்று, செசிலியா மிஸ் நாலு. இரண்டாம் ஆட்டம்: நெட்டையன் பத்து, மிஸ் பதினொன்று. மூன்றாம் ஆட்டம்: ஏழுக்கு ஏழு. இரு தரப்புக்கும் இன்னும் நாலு புள்ளி பாக்கி.